கோத்தகிரியில் என் பட்டா நிலத்தில் இரண்டு வேன்கள் இரவு தங்க இடம் விடலாமா?

தேயிலைத்தோட்டத்தான் (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்து வழி சொல்லுங்கள்.

எங்கள் தோட்டம் பள்ளத்தில் இருப்பதால் ஜனவரியில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிவிடும். சில வாரங்களுக்குப் பறிக்க ஒன்றும் இருக்காது. இந்த வருடம் அந்த நேரத்தில் நானும் மனைவியும் எங்கள் பழைய வேனில் பலகைக் கட்டில் போட்டு, ஒற்றை அடுப்பும் இரண்டு தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினோம். திருச்சி, தஞ்சாவூர் வழியாக வேளாங்கண்ணி. அங்கிருந்து கோடியக்கரை, தொண்டி, தேவிபட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி, மணப்பாடு, கன்னியாகுமரி. ஒன்பது இரவுகள், எல்லாம் வேனிலேயே.

டிசம்பரில் போயிருந்தால் வடகிழக்குப் பருவமழையில் மாட்டியிருப்போம். ஜனவரி பாதிக்கு மேல் வானம் தெளிந்துவிட்டது. எங்கள் ஊரில் இரண்டு கம்பளி போர்த்தும் அதே நாட்களில் அங்கே பின்கதவைத் திறந்து வைத்துத் தூங்கினோம். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது, ஆனால் பொழுது சாய்வதற்குள் போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1964 புயலில் போன ஊர் அது. இரவில் அங்கே யாரையும் விடாததும் நியாயம்தான்.

நான் சொல்ல வந்தது மணப்பாட்டில் கழித்த இரவைப் பற்றி. தண்ணீர் பிடிக்க எங்கே கிடைக்கும் என்று ஒரு மீனவர் வீட்டு அக்காவிடம் கேட்டோம். வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கேயே நிறுத்திக்கோங்க" என்று முற்றத்தைக் காட்டினார். வலை உலர்த்தும் இடம் அது. வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். வெளியே இருந்த குளியலறைச் சாவியை, நைலான் கயிற்றில் ஒரு சிப்பி கட்டியிருந்தது, என் மனைவி கையில் கொடுத்தார். "நல்ல தண்ணி லாரியில வர்றது, பார்த்துச் செலவழிங்க" என்றார், அவ்வளவுதான். காலையில் பணம் கொடுத்தபோது வாங்கவே இல்லை. கோத்தகிரி டீத்தூள் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஒன்பது இரவில் எனக்குப் புரிந்தது இதுதான்: வேனில் வருகிறவருக்குச் சமமான தரை, பொழுது விடியும்போது திறந்திருக்கும் கழிப்பறைக் கதவு, பிடித்துக்கொள்ளத் தண்ணீர், இது மூன்றும் போதும். இந்த மலையில் அந்த மூன்றும் ஒரே இடத்தில் எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் வீட்டை ஒட்டி 12 சென்ட் சமதளம் இருக்கிறது. முன்பு உருளைக்கிழங்கு போட்ட இடம். தார்ச்சாலை வாசல் வரை வருகிறது. வெளியே தனிக் கழிப்பறை உண்டு. ஒரு நேரத்தில் இரண்டு வேன், அதற்கு மேல் கிடையாது. செய்யலாமா? செய்தால் என்னவெல்லாம் யோசிக்க வேண்டும்?

அடையாறு வேன் (சென்னை)

அண்ணா, தயவுசெய்து செய்யுங்கள்.

போன ஏப்ரலில் நாங்கள் மூன்று பேரும் (பெண்ணுக்கு ஏழு வயது) வேனில் ஊட்டி வந்தோம். இ-பாஸ் (மலைக்கு வண்டி வர இணையத்தில் எடுக்கும் அனுமதி) எடுத்து, கல்லாறு சோதனைச்சாவடியில் காட்டிவிட்டு, எல்லாம் ஒழுங்காகவே வந்தோம். இரவு எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஒரு காட்சிமுனை பக்கத்தில் நிறுத்தினோம், பத்தரை மணிக்கு எழுப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஒரு விடுதி வாசல், அங்கேயும் காவலாளி ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் லாரிகளுக்கு நடுவே நிறுத்தித் தூங்கினோம். குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துப்போக நடு இரவில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தேன். யார்மேலும் எனக்குக் கோபமில்லை, அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். ஆனால் "இங்கே நிறுத்தாதே" என்று சொன்ன மூன்று பேரில் ஒருவருக்குக்கூட "அங்கே போய் நிறுத்து" என்று காட்ட ஓர் இடம் இல்லை.

பூம்பாறை பூண்டு (கொடைக்கானல் மேல்மலை)

நான் எதிர்த்துத்தான் எழுதப்போகிறேன், அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் பக்கம் மன்னவனூர் போகிற சாலையில் சனி, ஞாயிறில் இப்படி வேன்கள் வருகின்றன. போன மாதம் ஒரு வேன் ஓடைப் பாலத்தருகே நின்றது. காலையில் அந்த ஆள் பிளாஸ்டிக் பெட்டி மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கினார். வேனுக்குள் வைத்திருக்கும் கழிப்பறைப் பெட்டி. மூடியைத் திறந்து அப்படியே கவிழ்த்தார். நீல நிறத் தண்ணீர் பாறைமேல் வழிந்து ஓடையில் கலந்ததை நான் மேலே இருந்து பார்த்தேன். இருநூறு அடி கீழே எங்கள் ஆட்கள் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் கத்தி, ஓடி இறங்குவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். அன்றைக்குக் கழுவிய கேரட் எல்லாவற்றையும் வேறு தண்ணீரில் திரும்பக் கழுவினோம், அரை நாள் கூலி போனது.

அந்த ஆள் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். இது யாரோ குடிக்கும் தண்ணீர் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மலையில் எந்த ஓடையும் சும்மா ஓடவில்லை. கொடைக்கானலிலிருந்து இறங்குவது பழனிப் பக்கம் பாலாறு பொருந்தலாறு அணைக்குப் போகிறது. உங்கள் கோத்தகிரி, குன்னூர் தண்ணீர் பவானிக்குப் போகிறது, மேட்டுப்பாளையம் அதைத்தான் குடிக்கிறது.

அப்புறம் கூட்டம். 2024 மே மாதம் உயர்நீதிமன்ற உத்தரவில் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து கோடைக்கு அளவும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை தாங்கவில்லை என்றுதானே நீதிமன்றம் வரை போனது? இந்த நிலைமையில் புதிதாக ஓர் இடம் திறந்தால் இரண்டு வேன் இருபதாகும். நீங்கள் இரண்டோடு நிறுத்துவீர்கள். பக்கத்துத் தோட்டக்காரர் நிறுத்துவாரா?

மலைப்பாதை ஓட்டுநர் (குன்னூர்)

22 வருடமாக மேட்டுப்பாளையம் சாலையில் வண்டி ஓட்டுகிறேன். இடம் விடுவது அண்ணனின் முடிவு. ஆனால் இடம் இருக்கிறது என்று எழுதினால் கூடவே சாலையைப் பற்றியும் எழுதுங்கள், ஏனென்றால் வருகிறவர்கள் சமவெளி ஓட்டுநர்கள்.

கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, சிலிண்டர் எல்லாம் ஏற்றினால் ஒரு வேன் இரண்டரை டன் வந்துவிடும். கோத்தகிரி 1,793 மீட்டர். மேட்டுப்பாளையம் அதற்கு ஏறத்தாழ 1,450 மீட்டர் கீழே, தூரம் 33 கிலோமீட்டர். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிவருகிற சக்தி கிட்டத்தட்ட 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டரை ஐந்து மணி நேரம் ஓடவிட்ட சூடு. அதை எஞ்சின் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஏற்க வேண்டும். நாலாவது கியரில் இறங்கிக்கொண்டே பிரேக்கை மிதித்தபடி வந்தால் மொத்தச் சூடும் நாலு சக்கரத்தில் போய் உட்காரும். முதலில் கருகிய வாடை வரும். அடுத்து மிதி கடினமாக இருந்தும் வண்டி நிற்காது. கடைசியில் பிரேக் ஆயில் கொதித்து மிதி தரைவரை போகும்.

ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். இது எங்கள் எல்லோருக்கும் குரு சொல்லிக் கொடுத்தது. வாடை வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் நிற்கவும், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது, சூட்டில் டிரம் விரிசல் விடும். ஏறுகிற வண்டிக்கு வழி விடவும்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. வெளி மாவட்ட வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. மசினகுடி போக கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். வரைபடம் காட்டுகிறதே என்று போய் நிற்காதீர்கள். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழி ஆக்குவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடலூர் மழை

கோத்தகிரி அண்ணாவுக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் இடத்தில் கரடி வருமா?

தேயிலைத்தோட்டத்தான்

வரும், தங்கச்சி. போன வருடம் ஊர்க் கோயிலில் விளக்கெண்ணெய் குடித்துவிட்டுப் போனது. சிறுத்தை நடமாட்டமும் உண்டு. காட்டுமாடு தினமும் தேயிலைக்குள் நிற்கும்.

கூடலூர் மழை

அப்படியானால் இதைத்தான் நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும், அண்ணா. வேனுக்கு வெளியே சமையல் கூடாது, வறுத்த எண்ணெயைக் கொட்டக் கூடாது, குப்பைப் பை இரவில் வெளியே இருக்கக் கூடாது. கரடிக்கு வாசனைதான் வழிகாட்டி. ஒருமுறை கிடைத்தால் மறுநாளும் வரும், வேன் போன பிறகு உங்கள் வீட்டுச் சமையலறைக்கு வரும். அதற்கப்புறம் கூண்டு வைத்துப் பிடித்துக் கொண்டுபோவார்கள். பாவம் அந்தக் கரடி என்ன செய்தது?

கூடாரத்துக்கு இடமே கொடுக்காதீர்கள். வேனுக்காவது தகரச் சுவர் இருக்கிறது. 2021 ஜனவரியில் பக்கத்து வயநாட்டில் கூடாரத்தில் தங்கிய ஒரு பெண்ணை யானை கொன்றது. அதே மாதம் மசினகுடியில் தங்குமிடத்துப் பக்கம் வந்த யானைமேல் எரிகிற பொருளை வீசி, அது காயத்தோடு செத்துப்போனது. மசினகுடிப் பக்கத்துச் சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்ததும் இப்படி இடம் பார்க்காமல் விடுதிகள் கட்டியதால் வந்த வினைதான். உங்கள் இடம் காட்டை ஒட்டி இருந்தால் வேண்டவே வேண்டாம் என்பேன். ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) நடுவே என்றால் பரவாயில்லை.

வருகிறவர்களிடம் மேட்டுப்பாளையம்–கோத்தகிரி சாலையில் இருக்கும் குஞ்சப்பனை பற்றியும் சொல்லுங்கள், பலாப்பழ மாதங்களில் யானை சாலையிலேயே நிற்கும். எங்கள் ஊர் தாண்டி மைசூர் போகும் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதும் பலருக்கு இன்னும் தெரியவில்லை, எங்கள் ஊர் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

கடற்கரை ஆசை எங்களுக்கும் உண்டு. கூடலூர்க்காரர்களுக்கு நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடுதான் பக்கத்துக் கடல். கண்ணூர் பக்கம் முழப்பிலங்காடு கடற்கரையில் மணல்மேலேயே நாலு கிலோமீட்டர் வண்டி ஓட்டலாம். வந்ததும் கடல் உப்பு போக வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். நாங்கள் கழுவாமல் விட்டு, இங்கே ஆறு மாத மழையில் சைலன்சர் தாங்கி துருப்பிடித்துக் கழன்று விழுந்தது.

சோலார் வேலை (உதகை)

மின்சாரம் பற்றி யாரும் பேசவில்லையே.

கடற்கரையில் வேனுக்குத் தேவை காற்றாடி. 12 வோல்ட் காற்றாடி இரவு முழுக்க ஓடினாலும் 100 ஆம்பியர் மணி பேட்டரியில் கால் பங்குக்கும் குறைவாகவே எடுக்கும், மறுநாள் வெயில் அதை நிரப்பிவிடும். மலையில் தலைகீழ். ஜூன், ஜூலை மூடுபனியில் கூரைப் பலகை கொடுப்பது ரொம்பக் குறைவு, ஆனால் எல்லோருக்கும் சூடு வேண்டும். பேட்டரியில் ஹீட்டர் ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். ஓடாது. ஆயிரம் வாட் ஹீட்டர் அந்தப் பேட்டரியை ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடும். அதனால் அண்ணா, இரண்டு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட், சரியான எர்த்திங், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச், மேலே மழை படாத பெட்டி, தனி மீட்டர். இதைச் செய்து கொடுத்தால் மின்சாரத்துக்குத் தனியாகக் காசு வாங்கலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டு இணைப்பும் வணிக இணைப்பும் வேறு வேறு.

இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ வேனுக்குள் எரியவிட்டுத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்தில் இருக்கிறவர் எழுந்திருக்கவே மாட்டார். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கி இறந்தவர்களின் செய்தியை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாம் படித்திருக்கிறோம். வேன் அந்த அறையைவிடச் சிறியது. கம்பளி கொடுங்கள், வெந்நீர்ப் பை கொடுங்கள்.

அடையாறு வேன்

பூம்பாறை அண்ணா எழுதியதைப் படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. எங்களிடமும் அதே மாதிரிப் பெட்டி இருக்கிறது. அதை நாங்கள் பொதுக் கழிப்பறையில்தான் கொட்டுகிறோம். ஆனால் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சாலையோரம் விட்டிருக்கிறேன். இனிமேல் அதையும் ஒரு கேனில் பிடிக்கிறேன்.

இன்னொன்று. கேரளத்தில் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்து, அடுத்த வருடமே வாகமனில் கேரவன் பூங்கா திறந்தார்கள். தமிழ்நாட்டில் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இருக்கிறது. அதன்கீழ் அனுமதி கிடைக்காதா?

தேயிலைத்தோட்டத்தான்

இரண்டு வாரமாக இதே அலைச்சல், அதனால்தான் பதில் தாமதம்.

கேரவன் பூங்கா என்பது பெரிய முதலீடு. அதற்கான ஏக்கர் கணக்கு நிலமும் என்னிடம் இல்லை, ஆசையும் இல்லை. மலைச் சரிவை வெட்டிச் சமமாக்கினால் என்ன ஆகும் என்று 2009 நவம்பரில் பார்த்தோம். ஒரே மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். என் மாமனாரின் அண்ணன் வீட்டுச் சுவர் அன்றைக்கு எங்கள் கண்முன்னே சாய்ந்தது. ஜேசிபி இறக்குவதற்கே இங்கே ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பது சரியான சட்டம். ஆகவே வெட்டுவது இல்லை, கான்கிரீட் போடுவது இல்லை. கட்டடம் என்று எதுவும் எழுப்பினால் 1990-இலிருந்து இருக்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளுக்குள் வரும். சக்கரம் நிற்கும் இரண்டு தடத்தில் மட்டும் கருங்கல் பதித்து, நடுவே புல்லை விட்டுவிடப் போகிறேன்.

ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னேன். ஒருவர், "திருவிழா நாளில் யாரும் நிற்கக் கூடாது" என்றார், சரி என்றேன். இன்னொருவர், "அவங்க தண்ணி எங்கே போகும்?" என்று கேட்டார். பூம்பாறைத் தம்பி கேட்ட அதே கேள்வி. அதற்கு இதைச் செய்திருக்கிறேன்: கழிப்பறைப் பெட்டியைக் கொட்டுவதற்கு எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் தனிக் குழாய், கழுவ ஒரு தண்ணீர்க் குழாய். நாற்றம் அடக்கப் பெட்டியில் ஊற்றும் நீல மருந்து போட்டிருந்தால் கொட்ட விடமாட்டேன், அது தொட்டியில் இருக்கும் கிருமியைக் கொன்று தொட்டியையே கெடுத்துவிடும். மருந்து போடாமல் வெறும் தண்ணீரோடு வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பாத்திரத் தண்ணீருக்கு வாழை வைத்த குழி. பிளாஸ்டிக் பாட்டிலோடு மேலே வரக்கூடாது என்பது மாவட்டச் சட்டம், கேனில் வேண்டியதைப் பிடித்துக்கொள்ளட்டும், ஒரு வேனுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர்.

ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறேன். பதில் எழுத்தில் வராமல் ஒரு ரூபாய்கூட வாங்கமாட்டேன். அதுவரை வருகிறவர் என் விருந்தாளி.

மலைப்பாதை ஓட்டுநர்

வண்டியின் ஆர்சியையும் (பதிவுச் சான்று) பார்த்துவிட்டு இடம் கொடுங்கள், அண்ணே. சரக்கு வேனை வாங்கி, ஜன்னல் வெட்டி, கூரை உயர்த்தி, பதிவில் மாற்றாமல் ஓட்டுகிறார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தயாரிப்பாளர் அளவை மீறி மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் காப்பீடு கையை விரித்துவிடும்.

பூம்பாறை பூண்டு

அண்ணன் குழாய் போட்டது பற்றிப் படித்தேன். என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி கூட்டத்தைப் பற்றியது, அது அப்படியே இருக்கிறது. இடத்தின் வரைபடப் புள்ளியை எங்கேயும் போடாதீர்கள். போன் செய்து கேட்டவருக்கு மட்டும் வழி சொல்லுங்கள். வீடியோ எடுத்துப் போடுகிறவர்களை ஊருக்குள் விடாதீர்கள்.

எங்கள் ஊரிலும் இதைப் பேசினேன். ஓடைப் பாலத்திலிருந்து ஒரு கிலோமீட்டரில் எங்கள் சித்தப்பாவுக்குக் களம் ஒன்று இருக்கிறது. அங்கேயும் ஒரு குழாய் போட்டால் என்ன என்று அவரே கேட்கிறார். நீங்கள் போட்ட குழாயின் அளவு, மூடி எந்த மாதிரி என்று எழுதுங்கள்.

தேயிலைத்தோட்டத்தான்

நாலு அங்குல பிவிசி, தரையிலிருந்து ஒரு அடி உயரம், திருகு மூடி. மூடியைச் சங்கிலியில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டே நாளில் தொலைந்துவிடும். குழாய்க்கு அரை அடி சுற்றிச் சிமெண்ட் மேடை, சிந்தினால் உள்ளேயே வழிகிற மாதிரி சரிவு. மொத்தம் ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை.

அடையாறு தங்கச்சி, மார்ச் முதல் வாரம் பள்ளி விடுமுறை கிடைத்தால் வாருங்கள். வார நாளாகப் பார்த்து வாருங்கள், இருட்டுவதற்கு முன் குஞ்சப்பனை தாண்டிவிடுங்கள். மழை இருந்தால் மேட்டுப்பாளையத்திலேயே நின்று எனக்கு போன் செய்யுங்கள். குளியலறைச் சாவி கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். மணப்பாட்டு அக்கா மாதிரி ஒரு சிப்பி கட்டலாம் என்றால் இங்கே சிப்பி இல்லை, என் மனைவி யூகலிப்டஸ் காய் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறாள்.